பெரிய எழுத்துக்கு முன் ஒரு புள்ளி

பவானியின் சுட்டுவிரல் நின்றுவிட்டது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடி. சனிக்கிழமை காலை. கீழே பூக்கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஈர மல்லிகையின் மணமும் வடை எண்ணெயின் வாசமும் கலந்து படியேறி வந்தன. மேசைமேல், கணினி விசைப்பலகை அளவில் ஒரு கறுப்புக் கருவி. அதன் முன் விளிம்பில் மணிமணியாகச் சிறு முனைகள் எழுவதும் அடங்குவதுமாக இருந்தன. திரையில் ஓடும் வரியைப் பிரெய்ல் புள்ளிகளாக்கி விரலுக்குத் தரும் கருவி அது.

பவானி இடமிருந்து வலமாகத் தடவிக்கொண்டு போனாள். நின்றாள். கொஞ்சம் பின்னால் வந்தாள். மறுபடி முன்னால் போனாள்.

"கலாக்கா, இங்க ஒரு புள்ளி இருக்கு" என்றாள் என்னிடம்.

எதிரே உட்கார்ந்திருந்த பிரெய்ல் ஆசிரியை ரோஸ்லின், எங்கே என்று சரியாகச் சொல்லச் சொன்னாள்.

"C-க்கு முன்னால ஒண்ணு. O-வுக்கு முன்னால இன்னொண்ணு."

"அப்ப ரெண்டுமே பெரிய எழுத்துக்கா" என்றாள் ரோஸ்லின்.

பவானி அடுத்த வரிக்குப் போனாள். அங்கே C-க்கு முன்னால் புள்ளி இருந்தது. O-வுக்கு முன்னால் இல்லை. விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

ஒரு புள்ளிக்கு இவ்வளவு சிரிப்பா என்று நீங்கள் கேட்கலாம். போன வாரம் இதே பத்தியில் எங்கள் தொழிற்சாலை கேன்டீனையும் அதன் மிளகாய்ச் சம்பால் வாசத்தையும் எழுதியிருந்தேன் அல்லவா? இந்தக் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

வெள்ளையில் பல வெள்ளை

கிள்ளானில் பெயின்ட் தயாரிக்கும் கம்பெனி அது. அதன் லேப்பில் நான் நெடுங்காலம் இருந்தேன். பெயின்ட் எவ்வளவு நேரத்தில் காய்கிறது, தகரத்தில் பூசினால் உரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. பவானி என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, நிறம் சேர்க்கும் வேலைக்கு வந்தாள்.

உடைந்த ஓட்டுத் துண்டையோ பழைய கதவின் சில்லையோ யாராவது கொண்டுவந்து, இதே நிறம் வேண்டும் என்பார்கள். நிறத்தை அளக்கக் கருவி இருக்கிறது. ஆனால் கருவி சொல்வதற்கும் கண்ணுக்குத் தெரிவதற்கும் எப்போதும் ஒரு நூலிழை வித்தியாசம் இருக்கும். அந்த நூலிழையைச் சரிசெய்வது பவானியின் கண். ஜன்னலோரம் போவாள், நேர்வெயில் விழாத இடமாகப் பார்த்து நிற்பாள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். "கொஞ்சம் மஞ்சள் தூக்குது" என்பாள். ஒரு சொட்டுக் கறுப்பு விடச் சொல்வாள். நாங்கள் எல்லாரும் வெறும் வெள்ளை என்று நினைத்ததை அவள் பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, சோற்று வெள்ளை என்று தனித்தனியாக எடுத்து வைப்பாள்.

அந்தக் கண்தான் போயிற்று.

விழித்திரையை மெல்ல மெல்ல அரிக்கும் நோய். முதலில் ஓரங்கள் போயின. நடைபாதையில் இருந்த டிரம்மில் முட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்று பேசினால் என்னைத் தேடினாள். டாக்டர்கள் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள், இதற்கு இப்போது மருந்தில்லை என்று. அப்போதும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் ஜன்னலோரம் நின்று பெயின்ட் பூசிய இரண்டு மாதிரித் தகடுகளை வெகுநேரம் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் இரண்டையும் என் கையில் வைத்தாள்.

"நீங்களே பாருங்கக்கா" என்றாள். சுவரைத் தொட்டுக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

அது என்ன நிறம் என்றுகூட எனக்கு இப்போது நினைவில்லை. தகடுகள் இரண்டும் அவள் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி

எங்கள் மேலாளர் மிஸ்டர் டான் கெட்டவர் அல்ல. நீண்ட விடுப்புக் கொடுத்தார். விடுப்பு முடிந்ததும் அவளை அழைத்து, வரவேற்பில் தொலைபேசி எடுக்கும் வேலை தருவதாகச் சொன்னார். சம்பளம் குறையாது என்றார். நான் அந்த அறையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பவானி நன்றி சொன்னாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பாதுகாப்புத் தாள்களை இப்போது யார் எழுதுகிறார்கள்?

வெளியே போகும் ஒவ்வொரு பெயின்ட்டோடும் அப்படி ஒரு தாள் போக வேண்டும். உள்ளே என்னென்ன இருக்கிறது, தோலில் பட்டால் என்ன செய்வது, தீப்பிடித்தால் எந்தப் புகை வரும் என்றெல்லாம் அதில் இருக்கும். அதை எழுதிவந்தவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அந்த வேலையை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. பவானி கேட்டாள். அதற்குக் கெமிஸ்ட்ரி வேண்டும், அது என்னிடம் இருக்கிறது, நிறம் பார்க்க வேண்டியதில்லை என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். முதலில் ஒன்றை எழுதிக் காட்டும்படி மிஸ்டர் டான் சொன்னார்.

இதற்குள் அவள் பிரெய்ல் கற்க ஆரம்பித்திருந்தாள். சனிக்கிழமைதோறும் நானும் அவளும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போவோம். நடைபாதையில் பார்வையற்றோருக்கென்று பதித்த மஞ்சள் வரிக்கற்கள் இருக்கின்றன; அவற்றின் மேலேயே மோட்டார் சைக்கிள்களை நிறுத்தியிருப்பார்கள். பவானி கோலால் தட்டி நிற்பாள். நான் அவற்றைத் திட்டிக்கொண்டே அவளைச் சுற்றிக் கூட்டிப்போவேன்.

சொல்லிக்கொடுத்த ரோஸ்லின், பவானியைவிட வயதில் சிறியவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. விறுவிறுவென்று பேசுவாள், விறுவிறுவென்று நடப்பாள். மாணவி தப்பாகப் படித்தால் மேசையை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். நாற்பதை நெருங்கும்போது பிரெய்ல் கற்பது சுலபமல்ல. அதுவரை பானையையும் பேனாவையும் பிடித்துப் பழகிய விரல் அது. ஓர் எழுத்துக்குரிய ஆறு புள்ளிகளில் எது எழுந்திருக்கிறது என்பது முதலில் தெரியவே தெரியாது. மணலைத் தடவுகிறமாதிரி இருக்கிறது என்று பவானி சொல்வாள். வீட்டில் அவள் அம்மா டிவி பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொண்டே இருப்பாள். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.

காதில் விழுந்த கோளாறு

ஆனால் வேலைக்கு அவள் நம்பியது காதைத்தான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் போட்டுக்கொண்டாள். சாதாரண ஆங்கிலத்தை அது மணிமணியாகப் படித்தது. தனிமங்களின் குறியீடுகள் வந்தால் அதற்குப் புத்தி தடுமாறும். ஹீலியத்தின் He-யை 'ஹீ' என்றது. ஆர்செனிக்கின் As-ஐ 'ஏஸ்' என்று வாக்கியத்தோடு சேர்த்து விழுங்கியது. மக்னீசியத்தின் Mg-யை மில்லிகிராம் என்றது. பவானி முதலில் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தாள்.

முதல் தாளை எழுதிக் கொடுத்த நாளோடு கேலி நின்றது.

பெயின்ட் சீக்கிரம் காய்வதற்கு நாங்கள் ஒரு ஊதா நிறத் திரவம் சேர்ப்போம். அதில் கோபால்ட் இருக்கிறது. கோபால்ட்டின் குறியீடு Co; அதில் o சின்ன எழுத்து. பெயின்ட் எரிந்தால் வரும் நச்சுப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அது CO, இரண்டும் பெரிய எழுத்து. மென்பொருள் இரண்டையும் 'கோ' என்றே படித்தது. எங்கள் பழைய அட்டவணையிலிருந்து அவள் கேட்டுக் கேட்டு வெட்டி ஒட்டியதில் இரண்டும் இடம் மாறிவிட்டன. டப்பாவுக்குள் நச்சு வாயு இருப்பதாகவும், தீப்பிடித்தால் கோபால்ட் புகையாக வரும் என்றும் அந்தத் தாள் சொன்னது.

மிஸ்டர் டான் சத்தம் போடவில்லை. தீயணைப்புக்காரர் கையில் எடுத்துப் பார்க்கிற தாள் இது என்று மட்டும் சொன்னார். இன்னொரு முறை பார்க்கலாம், ஆனால் அதுவும் இப்படியானால் தன்னால் முடியாது என்றார். பெரிய எழுத்து வரும்போதெல்லாம் சொல்லும்படி மென்பொருளை மாற்றலாம். அதையும் செய்து பார்த்தோம். வரிக்கு வரி 'கேப்', 'கேப்' என்று அது கத்தியதில் வாக்கியம் காணாமல் போனது.

அந்த வாரம் ரயில் ஷா ஆலாம் நிலையத்தைத் தாண்டியபோது பவானி கேட்டாள்.

"எந்தப் புண்ணியவான் லா இந்த எழுத்த வெச்சான்? வேற ஏதாச்சும் வெச்சிருக்கக் கூடாதா?"

ஆயுளில் பாதியை அந்த எழுத்துகளோடு கழித்தவள் நான். யார் வைத்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அடுத்த சனிக்கிழமைக்குள் தேடிப் படித்துவிட்டு வந்து ரயிலில் அவளுக்குச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

சூரியனும் சந்திரனும்

முதலில் படங்கள்தான் இருந்தன. ஈயத்தைப் பொன்னாக்கப் புறப்பட்ட பழைய ரசவாதிகள் உலோகங்களுக்குக் கிரகங்களின் அடையாளத்தைக் கொடுத்திருந்தார்கள். தங்கத்துக்குச் சூரியன், வட்டத்தின் நடுவே ஒரு புள்ளி. வெள்ளிக்குப் பிறைச்சந்திரன். இரும்புக்குச் செவ்வாய், வட்டத்திலிருந்து கிளம்பும் அம்பு. ஆளுக்கு ஆள் அடையாளம் மாறும். வெளியாருக்குப் புரியக்கூடாது என்பதும் அதில் ஒரு நோக்கம்.

பிறகு, இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்பு, இங்கிலாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர். பொருளெல்லாம் அணுக்களால் ஆனது என்று கணக்கோடு சொன்னவர். அணு உருண்டை என்று அவர் நினைத்ததால் எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டார். வெறும் வட்டம் ஆக்சிஜன். நடுவில் புள்ளி வைத்தால் ஹைட்ரஜன். முழுக்கக் கறுப்படித்தால் கார்பன். சில உலோகங்களுக்கு வட்டத்துக்குள் ஆங்கில முதலெழுத்தையும் போட்டார். எந்த அணு எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். அழகான ஏற்பாடுதான்.

அவரைப் பற்றி ஒரு விஷயம் படித்ததும் ரயிலில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னேன். அந்த மனிதருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. நிறம் தெரியாத தன் கண்ணைத் தானே ஆராய்ந்து கட்டுரை எழுதினார். தான் செத்த பிறகு கண்ணை அறுத்துப் பார்க்கும்படி சொல்லிவைத்தார். பார்த்தார்கள். அவர் நினைத்த காரணம் அதில் இல்லை. ஆனால் அந்தக் கண்ணின் மிச்சத்தை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதிலிருந்தே உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்.

பவானி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவருக்கு யாரு கலர் பாத்துச் சொன்னாங்களோ" என்றாள்.

சமையலறைக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வறை

எழுத்தைக் கொண்டுவந்தவர் ஸ்வீடன்காரர். அவருடைய ஆய்வறை வீட்டுச் சமையலறையை ஒட்டி இருந்ததாம். சமைத்த அம்மாளே ஆய்வுப் பாத்திரங்களையும் கழுவித் தருவாராம். தனிமங்களின் எடையை ஒவ்வொன்றாக நிறுத்து, ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்த மனிதர் அவர். அவ்வளவு எழுதுகிறவருக்கு வட்டம் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? அச்சகத்துக்கு அனுப்பினால் வட்டங்களுக்குத் தனி அச்சு வார்க்க வேண்டும். எழுத்தென்றால் அச்சுக்கோர்ப்பவரின் பெட்டியிலேயே இருக்கிறது. எழுதச் சுலபம், அச்சிட்ட பக்கமும் அசிங்கமாகாது. இவ்வளவுதான் அவர் சொன்ன காரணம்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் இன்றுவரை வியக்கிறேன். எழுத்து என்றால் எந்த மொழியின் எழுத்து? தன் தாய்மொழியான ஸ்வீடிஷை அவர் எடுக்கவில்லை. லத்தீனை எடுத்தார். அதைத் தாய்மொழியாகப் பேச உலகில் எவரும் இல்லை, ஆனால் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் சொந்தமில்லை என்பதால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பெயரின் முதல் எழுத்து குறியீடு. இரண்டு பெயர் ஒரே எழுத்தில் தொடங்கினால், ஒன்றுக்கு இரண்டாவது எழுத்தையும் சேர்த்துக்கொள்வது. இரண்டாவதும் ஒன்றாகவே இருந்தால், பெயரில் எங்கே பிரிகிறதோ அந்த மெய்யெழுத்தைப் பிடிப்பது. கார்பன் C. கோபால்ட் Co. செம்பு லத்தீனில் குப்ரம், ஆகவே Cu.

இங்கிலாந்துக்காரருக்கு இது அறவே பிடிக்கவில்லை. இதைப் படிப்பதற்குப் பதில் மாணவன் ஹீப்ரு படிக்கலாம் என்ற மாதிரிக் கடைசிவரை முணுமுணுத்தாராம். ஆனால் உலகம் எழுத்தின் பக்கம் போய்விட்டது. ஸ்வீடன்காரர் எண்களை எழுத்தின் மேலே போட்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் கீழே இறக்கினார்கள். ஆக்சிஜனுக்கு எழுத்தின் தலையில் புள்ளி வைக்கும் ஒரு குறுக்குவழியும் வைத்திருந்தார், அதையும் விட்டுவிட்டார்கள். எழுத்து மட்டும் நின்றது.

நாட்ரியம் படித்தவளும் சோடியம் படித்தவளும்

இந்த இடத்தில் என் பெருமை ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். நான் இடைநிலைப் பள்ளியில் அறிவியலை மலாயில் படித்தவள். எங்கள் புத்தகத்தில் சோடியம் கிடையாது, நாட்ரியம். பொட்டாசியம் கிடையாது, காலியம். இரும்பு ஃபெரம், செம்பு குப்ரம், காரீயம் பிளம்பம். Na என்றால் நாட்ரியம், K என்றால் காலியம். மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை, பெயரிலேயே எழுத்து இருக்கிறது. பவானி படித்த காலத்தில் அறிவியலை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். சோடியத்துக்கு ஏன் Na, பொட்டாசியத்துக்கு ஏன் K என்று கேட்டதற்கு, அது அப்படித்தான், எழுதிக்கொள் என்றார்களாம்.

லத்தீனைச் சுமந்து வந்த மலாய்ப் புத்தகத்துக்கு நான் அப்போது நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் இருக்கும் இந்தக் கோலாலம்பூரே ஈயம் தோண்ட வந்தவர்களால் உண்டான ஊர். தமிழில் அது வெள்ளீயம், கறுத்தது காரீயம். இரண்டும் ஈயம்தான், நிறத்தை வைத்துப் பிரிக்கிறோம். பழைய ரோமானியரும் அதையே செய்திருக்கிறார்கள். வெள்ளைப் பிளம்பம், கறுப்புப் பிளம்பம் என்று. கடைசியில் பிளம்பம் என்ற பேர் காரீயத்துக்குப் போய் Pb ஆனது. வெள்ளீயத்துக்கு ஸ்டானம் என்ற பேர் நிலைத்து, அது Sn. எங்கோ இருந்த அவர்களுக்கும் நமக்கும் ஒரே மாதிரி தோன்றியிருக்கிறதே என்று ரயிலில் நான் உற்சாகமாகச் சொன்னபோது, பக்கத்து இருக்கை மலாய்ப் பெண்மணிகூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பவானி எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், "கதை நல்லாதான் இருக்கு, என் கோவம் போகல" என்றாள். அவளைப் பொறுத்தவரை அந்த ஸ்வீடன்காரர் பார்க்கிறவர்களுக்காக எழுத்து வைத்தவர்.

மறுபடி மாடி அறை

ரோஸ்லின் எங்கள் பேச்சை வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்தாள். Co, CO சங்கதியை அவளிடம் சொன்னபோது, காதால் முடியாததற்குக் காதையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். வகுப்பு நடத்தும் அந்த மையத்தில் ஒரே ஒரு பிரெய்ல் கருவி இருந்தது. விலை உயர்ந்தது, வெளியே தர மாட்டார்கள். தன் பொறுப்பில் எடுத்து வைப்பதாகச் சொன்னாள்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை பவானியின் விரல் அந்தப் புள்ளியில் நின்றது. பிரெய்லில் பெரிய எழுத்துக்கென்று வேறு வடிவம் கிடையாது. எழுத்துக்கு முன்னால் ஒரு தனிப் புள்ளி வரும், அவ்வளவுதான். CO-வில் இரண்டு புள்ளி. Co-வில் ஒன்று. காதுக்கு ஒரே 'கோ'வாக இருந்தது, விரலுக்கு இரண்டு வேறு பொருளாக நின்றது.

சிரித்து ஓய்ந்த பிறகு அவள் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன்.

"வட்டமா இருந்திருந்தா எனக்கு ஒண்ணுமே இல்லக்கா. எழுத்தா இருக்கப்போய்தான் இதுக்குள்ள வந்திருக்கு. அந்த ஆளு அச்சுக்காரங்களுக்காகச் செஞ்சது, எனக்கும் செஞ்சமாதிரி ஆயிருச்சு."

வட்டத்தையும் மேடாக அச்சடிக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பிரெய்லை உண்டாக்கியவர் கெமிஸ்ட்ரிக்கென்று தனியாக ஏதும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எழுத்துகள் வந்தபோதே தனிமங்களும் கூட வந்துவிட்டன.

ரோஸ்லின் தன் விரலையும் அந்த வரியில் வைத்துப் பார்த்தாள். "நான் ஸ்கூல் படிக்கறப்ப சயின்ஸ் உங்களுக்கு வேணாம்னு சொல்லிட்டாங்க. இவ்ளோதானா இது?" என்றாள். பவானி, இவ்வளவு இல்லை, இன்னும் நிறைய இருக்கிறது என்றாள். அன்றிலிருந்து வகுப்பின் கடைசிப் பகுதி தலைகீழானது. ரோஸ்லின் கேட்பாள், பவானி சொல்வாள்.

மிஸ்டர் டானின் விரல்

இரண்டாவது முறை மிஸ்டர் டான் தாளை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. பவானியைக் கூட்ட அறைக்கு வரச் சொன்னார். ரோஸ்லின் எப்படியோ மன்றாடி அந்தக் கருவியை ஒரு வாரத்துக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். அவர் பழைய தாள் ஒன்றைத் தன் கணினியில் வேண்டுமென்றே சில இடங்களில் மாற்றி வைத்திருந்தார். அதை அவளிடம் கொடுத்து, இதைச் சரிபார்க்கும்படி சொன்னார்.

அவள் கருவியை மடியில் வைத்துக்கொண்டாள். ஏர்கான் சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தமில்லை. விரல் போய்க்கொண்டே இருந்தது. நடுநடுவே நின்றது. நிற்கும் இடத்தில், இது சிலிக்கான் அல்ல, கந்தகமாக இருக்க வேண்டும், இங்கே ஓர் எழுத்து அதிகம் என்று சொல்லிவிட்டு மேலே போனாள். கோபால்ட் வந்த இடத்தில் ஒருமுறைக்கு இருமுறை தடவினாள். அவள் முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. ஜன்னலோரம் தகடுகளைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே, அதே முகம்.

முடித்ததும் மிஸ்டர் டான் தான் மாற்றிய இடங்களைத் திரையில் பார்த்தார். எல்லாவற்றையும் அவள் சொல்லியிருந்தாள். அவர் எழுந்து வந்து, அந்தக் கருவியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். பவானி தள்ளிக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலை இழுத்தார். மறுபடி இழுத்தார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்றார்.

"எனக்கும் மொதல்ல மணல் மாதிரிதான் இருந்துச்சு, பாஸ்" என்றாள் பவானி. தமிழில் சொன்னாள். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அவர் தலையாட்டினார்.

வேலை அவளுக்குக் கிடைத்தது. கம்பெனி சொந்தமாக ஒரு கருவி வாங்கித் தரக் கொஞ்ச காலம் ஆயிற்று. அதுவரை பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்குமாக அந்த ஒரு கருவியை நானும் ரோஸ்லினும் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். எங்கள் கம்பெனியின் எல்லாத் தாள்களும் இன்று பவானியின் விரல் பட்டுத்தான் வெளியே போகின்றன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அவள் என்னைச் சும்மா விட மாட்டாள். நிறம் போனது போனதுதான். லிட்டில் இந்தியாவில் சேலைக்கடை வாசலைக் கடக்கும்போது இன்றும் அவள் நடை தளரும். உள்ளே என்னென்ன நிறம் தொங்குகிறது என்று கேட்பாள். நான் சிவப்பு, பச்சை என்று சொல்வேன். எந்தச் சிவப்பு என்பாள். எனக்குச் சொல்லத் தெரியாது.

தரையில் விரித்த அட்டவணை

சென்ற ஆண்டு ரோஸ்லின் முழுத் தனிம அட்டவணையும் வேண்டும் என்று கேட்டாள். ஒரு தாளில் அடங்காது. பவானி பகுதி பகுதியாகப் பிரெய்லில் அடித்தாள். நான் தாள்களைப் பின்பக்கம் டேப் ஒட்டிச் சேர்த்தேன். மேசை போதாமல் மாடி அறைத் தரையில் விரித்தோம். ரோஸ்லின் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் ஓரமாக மண்டியிட்டாள்.

ஹைட்ரஜனில் தொடங்கினாள். வரிசை வரிசையாக முழங்காலாலேயே நகர்ந்து போனாள். ஒரு புள்ளி, ஓர் எழுத்து; ஒரு புள்ளி, இரண்டு எழுத்து. சில இடங்களில் பெயரைக் கேட்டாள். பவானி பக்கத்திலேயே நகர்ந்துகொண்டு சொன்னாள். கடைசி வரிசையின் முடிவை நெருங்கியபோது, இவையெல்லாம் நம் காலத்தில் உண்டாக்கியவை, அவற்றில் சில, கணநேரம்கூட நிற்காதவை, அவற்றுக்கும் அதே விதிப்படி எழுத்து கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். ரோஸ்லினின் விரல் கடைசிக் கட்டத்தைத் தாண்டி வழவழப்பான வெறுந்தாளுக்குள் போயிற்று. அங்கேயே இருந்தது.

"இதுக்கு அப்புறம்?"

"இன்னும் யாரும் கண்டுபிடிக்கல" என்றாள் பவானி.

"கண்டுபிடிச்சா?"

"ரெண்டு எழுத்து குடுப்பாங்க. நான் ஒரு தாள் ஒட்டித் தரேன்."

ரோஸ்லின் உள்ளங்கையை விரித்து அந்த வெற்றிடத்தை ஒருமுறை முழுக்கத் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டேப் மிச்சம் இருக்காக்கா?" என்றாள்.